வீட்டுக் கணினியில் லினக்ஸ்: எங்கெல்லாம் மாட்டும், எப்படி மீள்வது

விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் தந்துவந்த ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்தது. விண்டோஸ் 11-க்குப் போகலாம் என்றால் அது டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப்பைக் கேட்கிறது, இன்டெல் பிராசசர் என்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறையோ அதற்குப் பிந்தியதோ கேட்கிறது. பெங்களூரு எஸ்.பி. ரோட்டிலிருந்து ஓசூர் வழியாகக் கிருஷ்ணகிரிக்கும் தருமபுரிக்கும் வந்து சேரும் செகண்ட் ஹேண்ட் லேப்டாப்களில் ஆறாம், ஏழாம் தலைமுறை நிறைய. ஐ.டி. கம்பெனிகள் கழித்துவிட்ட திங்க்பேட், லாட்டிட்யூட், எலைட்புக் ரகம். உடம்பு உறுதியானது, கீபோர்டு அருமையானது, ஆனால் விண்டோஸ் 11 வாசலிலேயே நிறுத்திவிடும். "லினக்ஸ் போட்டுப் பார்க்கலாமா?" என்று பாலக்கோட்டிலும் ஊத்தங்கரையிலும் இப்போது ஆட்கள் கேட்பது அதனால்தான். லினக்ஸ் என்பது விண்டோஸுக்குப் பதிலாகக் கணினியில் போடக்கூடிய இலவச இயங்குதளம்.

போடலாம். ஆனால் சிரமம் எங்கே இருக்கிறது என்பதைப் பலரும் தலைகீழாக நினைத்துக்கொள்கிறார்கள். இன்ஸ்டால் என்ற வேலை எஸ்எஸ்டி உள்ள மெஷினில் சுமார் இருபது நிமிடம், பழைய ஹார்ட் டிஸ்க் என்றால் முக்கால் மணி நேரம். அதற்குள் மாட்டிக்கொள்பவர்கள் குறைவு. மண்டை காய்வதெல்லாம் அதற்கு முன்னால் விண்டோஸுக்குள் செய்யாமல் விட்ட வேலைகளாலும், அதற்குப் பின்னால் வரும் வை-ஃபை, பிரிண்டர், தமிழ் டைப்பிங் தொல்லைகளாலும்தான். ஆகவே இங்கே இன்ஸ்டாலுக்குக் கொஞ்சம் இடம், மற்றவற்றுக்கு அதிக இடம்.

படி 1: முதலில் மேஜையைச் சுற்றிப் பாருங்கள்

டேலியில் கணக்கு எழுதுகிறவர், யூஎஸ்பி டோக்கன் செருகி டிஜிட்டல் கையெழுத்துப் போடுகிறவர், வானவில் எழுத்துருவில் மனு அடித்துக் கொடுக்கிறவர், இவர்கள் விண்டோஸை அழிக்கவே கூடாது. டேலி விண்டோஸுக்காக எழுதப்பட்டது. வைன் என்ற மென்பொருள் வழியாக ஓட்டிவிடலாம் என்று யாராவது சொன்னால், மார்ச் கடைசி வாரத்தில் அது நின்றுபோனால் யார் வந்து சரிசெய்வது என்று அவரிடமே கேளுங்கள். இப்படிப்பட்டவர்களுக்கு இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொள்ளும் டூயல் பூட் ஒன்றே வழி.

அடுத்து பிரிண்டர். ஜெராக்ஸ் கடைகளிலும் வக்கீல் ஆபீஸ்களிலும் இன்னும் உழைத்துக்கொண்டிருக்கும் கேனான் எல்பிபி2900 மாதிரியான லேசர் பிரிண்டர்கள் கேப்ட் என்ற தனி மொழியில்தான் பேசும். லினக்ஸில் அவற்றை ஓட்ட வழி உண்டு, ஆனால் புதிதாக வருபவர் முதல் நாளே கையில் எடுக்கிற வேலை அல்ல. எப்சன் எல் வரிசை டேங்க் பிரிண்டர் என்றால் கவலை குறைவு; அதற்கான டிரைவர் லினக்ஸின் மென்பொருள் களஞ்சியத்திலேயே இருக்கிறது. எச்பி-க்கு எச்பிலிப் என்ற தொகுப்பு உண்டு. பி1007, 1020 போன்ற பழைய சின்ன லேசர்கள் மட்டும் அதற்கு மேல் ஒரு பிளக்-இன் கேட்கும், நெட்டில் இருந்து அதுவே இறக்கிக்கொள்ளும்.

பிள்ளைகளின் படிப்பு, யூடியூப், டிஎன்பிஎஸ்சி விண்ணப்பம், மின் கட்டணம், பட்டா சிட்டா பார்ப்பது, நாலு கடிதம் அடிப்பது மட்டுமே வேலை என்றால் இதைப் பற்றியெல்லாம் யோசிக்க வேண்டியதில்லை. பிரவுசர் இருந்தால் போதும், அது எல்லா லினக்ஸிலும் உண்டு.

படி 2: மெஷின் தாங்குமா?

2011-இல் தொடங்கிய தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினிகளில் விண்டோஸோடு மத்திய அரசு நிறுவனமான சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் சேர்ந்தே வந்தது. எத்தனையோ வீடுகளுக்குள் முதலில் நுழைந்த லினக்ஸ் அதுதான். அதைத் திறந்தே பார்க்காமல் கடையில் கொடுத்து "ஃபார்மட் அடித்து" வாங்கியவர்களும் உண்டு. அந்த மடிக்கணினி இன்னும் பரணில் இருந்தால் அதிலும் முயலலாம்.

ஆனால் "லினக்ஸ் போட்டால் பழைய சிஸ்டம் பறக்கும்" என்பது பாதி உண்மை. இயங்குதளம் இலேசாக இருக்கலாம். அதில் திறக்கும் பிரவுசர் இலேசானது அல்ல. 2 ஜிபி ரேமில் டெஸ்க்டாப் சுறுசுறுப்பாக வரும், மூன்று டேப் திறந்ததும் ஹேங் ஆகும். 4 ஜிபி குறைந்தபட்சம், 8 ஜிபி நிம்மதி. அதைவிட முக்கியம் டிஸ்க். சுற்றும் ஹார்ட் டிஸ்கோடு இருக்கும் மெஷினில் லினக்ஸ் போடும் முன் 240 அல்லது 256 ஜிபி சாட்டா எஸ்எஸ்டி ஒன்றை மாட்டுங்கள். லினக்ஸ் போட்டதால் வேகம் வந்தது என்று சிலர் சொல்லும் கதைகளில் உண்மையான கதாநாயகன் அந்த எஸ்எஸ்டி. பழைய டிஸ்கைக் கழற்றி அப்படியே எடுத்து வைத்துவிட்டால் இன்னொரு நன்மை: என்ன கெட்டாலும் பழைய விண்டோஸ் கைவசம் இருக்கும்.

படி 3: எந்த லினக்ஸ்?

இதில் மாதக்கணக்கில் குழம்புகிறவர்கள் உண்டு. தேவையில்லை. லினக்ஸ் மின்ட் 22 வரிசையை எடுங்கள். அது உபுண்டு என்ற இன்னொரு லினக்ஸின் 24.04 பதிப்பை அடிப்படையாகக் கொண்டது, 2029 வரை பாதுகாப்புப் புதுப்பிப்புகள் வரும். 4 ஜிபி ரேம் என்றால் எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு, 8 ஜிபி என்றால் சின்னமன் பதிப்பு. இறக்க வேண்டிய ஐஎஸ்ஓ கோப்பு (முழு இயங்குதளமும் அடங்கிய ஒரே கோப்பு) ஏறக்குறைய 3 ஜிபி. உபுண்டுவினுடையது அதைப்போல் இரு மடங்கு. மொபைல் டேட்டாவில் இறக்குபவருக்கு அந்த வித்தியாசமே முடிவைச் சொல்லிவிடும். லிப்ரெ ஆபீஸும் ஃபயர்ஃபாக்ஸும் உள்ளேயே வருவதால் பிறகு இறக்க வேண்டியதும் குறைவு.

படி 4: பதிவிறக்கம்

ஃபைபர் இணைப்பு உள்ளவர் இந்தப் பகுதியைத் தாண்டிப் போகலாம். அஞ்செட்டி, தளி, பென்னாகரம் பக்கத்து மலைக் கிராமங்களில் போனை ஜன்னல் ஓரம் வைத்து ஹாட்ஸ்பாட் போடுகிறவருக்கு இதுதான் முதல் மேடு.

நாளுக்கு ஒன்றரை ஜிபி பேக்கில் 3 ஜிபி கோப்பு ஒரே நாளில் இறங்காது. பிரவுசரில் தொடங்கினால் பாதியில் ஒதுக்கீடு தீர்ந்து வேகம் 64 கேபிபிஎஸ்-க்கு விழும், பிறகு இணைப்பு அறுந்து "ஃபெயில்டு" என்று நிற்கும். மறுநாள் முதலிலிருந்து. சில சமயம் இதைவிட மோசமாக, முழுதாக இறங்கியதுபோல் காட்டும். உள்ளே சில பகுதிகள் கெட்டிருக்கும். அந்தக் கெட்ட கோப்போடு பென் டிரைவ் தயாரித்து, பாதி இன்ஸ்டாலில் புரியாத பிழைச் செய்தி வந்து, லினக்ஸே சரியில்லை என்று முடிவு கட்டுவார்கள்.

கோப்பைத் துண்டு துண்டாகப் பலரிடமிருந்து இறக்கும் டாரன்ட் வழியை எடுங்கள். திருட்டுப் படத்துக்குத்தான் டாரன்ட் என்று ஒரு பெயர் வாங்கிவிட்டது. மின்ட் தளமே தன் ஐஎஸ்ஓ-க்கு அதிகாரப்பூர்வமாக டாரன்ட் கோப்பு தருகிறது. கியூபிட்டாரன்ட் என்ற இலவச மென்பொருளில் அதைத் திறந்தால் எப்போது வேண்டுமானாலும் நிறுத்தலாம், நள்ளிரவு 12 மணிக்கு அன்றைய டேட்டா வந்ததும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். ஒவ்வொரு துண்டும் இறங்க இறங்கவே சரிபார்க்கப்படும், கெட்ட துண்டு மட்டும் மறுபடி இறங்கும். ஒன்று மட்டும் கவனம்: நாம் இறக்கியதை மற்றவர்களுக்கு ஏற்றுவதும் உங்கள் டேட்டாவிலிருந்தே போகும். செட்டிங்கில் அப்லோடு வேகத்தைக் குறைத்து வையுங்கள்.

நேரடியாக இறக்கியிருந்தால் சரிபார்ப்பு கட்டாயம். விண்டோஸில் 7-ஜிப் நிறுவி, ஐஎஸ்ஓ மேல் ரைட் கிளிக் செய்து சிஆர்சி எஸ்எச்ஏ பட்டியலில் எஸ்எச்ஏ-256-ஐத் தேர்ந்தால் 64 எழுத்துள்ள ஒரு நீள வரி வரும். மின்ட் தளத்தில் அந்தப் பதிப்புக்குக் கொடுத்திருக்கும் வரியோடு ஒப்பிடுங்கள். ஓர் எழுத்து மாறினாலும் கோப்பு செல்லாது.

படி 5: பென் டிரைவ்

8 ஜிபி போதும். பேருந்து நிலையத்துக் கடையில் மலிவாகக் கிடைக்கும் "128 ஜிபி" பென் டிரைவ் வேண்டாம்; அவற்றில் சில உண்மையில் அதில் பத்தில் ஒரு பங்குகூடக் கொள்ளாதவை. இறக்கிய ஐஎஸ்ஓ-வை அதில் எழுதுவதற்கு ரூஃபஸ் மென்பொருள். அதில் கெட்ட பகுதிகளைத் தேடும் ஒரு தேர்வு இருக்கிறது, போலி டிரைவையும் அது காட்டிக்கொடுக்கும்.

ரூஃபஸ் ஐஎஸ்ஓ முறையா டிடி முறையா என்று கேட்கும். ஐஎஸ்ஓ முறையில் தொடங்குங்கள். மெஷின் அதிலிருந்து பூட் ஆகாவிட்டால் (தொடங்காவிட்டால்) மட்டும் டிடி முறையில் மறுபடி எழுதுங்கள். டிடி முறைக்குப் பிறகு விண்டோஸ் அந்த டிரைவைச் சின்னதாகக் காட்டும், "ஃபார்மட் செய்யவா?" என்றும் கேட்கும். பென் டிரைவ் போய்விட்டது என்று பயப்பட வேண்டாம், வேலை முடிந்ததும் ரூஃபஸிலேயே பழையபடி ஃபார்மட் செய்துகொள்ளலாம்.

படி 6: விண்டோஸுக்குள் செய்து முடிக்க வேண்டியவை

இந்தப் பகுதியை அவசரமாகப் படிக்காதீர்கள். டூயல் பூட் செய்பவர்களின் கண்ணீரில் பெரும்பகுதி இங்கிருந்து வருவது.

பேக்கப் முதலில். குடும்பப் படங்கள், கல்யாண ஆல்பம், சாதிச் சான்று, மதிப்பெண் பட்டியல், பத்திர நகல் எல்லாம் வெளி டிஸ்கில் ஒரு பிரதி இருக்கட்டும். அதே டிஸ்கின் டி டிரைவுக்கு நகலெடுப்பது பேக்கப் ஆகாது.

அடுத்து பிட்லாக்கர், அதாவது கீ இல்லாமல் படிக்க முடியாதபடி டிஸ்கைப் பூட்டி வைக்கும் வசதி. புதிய லேப்டாப்களில் டிவைஸ் என்க்ரிப்ஷன் என்ற பெயரில் அது நமக்குத் தெரியாமலே இயங்கிக்கொண்டிருக்கலாம். விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்பு முதல், மைக்ரோசாஃப்ட் கணக்கோடு புதிதாக நிறுவும்போது தானாகவே போட்டுக்கொள்கிறது. அது இருக்கும்போது பயாஸில் (விண்டோஸுக்கு முன்பே திறக்கும் மெஷினின் அமைப்புத் திரை) செக்யூர் பூட்டை (நம்பகமான இயங்குதளத்தை மட்டும் தொடங்கவிடும் காவல்) மாற்றினால் அடுத்த முறை நீலத் திரை வந்து 48 இலக்க ரெகவரி கீ கேட்கும். அந்தக் கீ பெரும்பாலும் மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கும். லேப்டாப்பை விற்ற கடைக்காரர் தன் மெயிலில் கணக்குத் திறந்து கொடுத்திருந்தால் கீயும் அவர் மெயிலில்தான். செட்டிங்ஸில் பிரைவசி அண்டு செக்யூரிட்டிக்குள் போய் அதை அணைத்து, டிஸ்கின் பூட்டு முழுதாக அவிழும் வரை காத்திருங்கள். சில மணி நேரம்கூட ஆகலாம்.

மூன்றாவது ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப். ஷட் டவுன் கொடுத்தாலும் விண்டோஸ் முழுதாக அணைவதில்லை. தன் கர்னலின் நிலையை டிஸ்கில் எழுதி வைத்துவிட்டுப் பாதித் தூக்கத்தில் இருக்கும். அந்த நிலையில் லினக்ஸ் அந்த டிரைவைத் தொடப் பயந்து, படிக்க மட்டும் அனுமதிக்கும். "லினக்ஸில் டி டிரைவில் எதையும் சேமிக்க முடியவில்லை" என்ற புகாருக்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். கண்ட்ரோல் பேனல், பவர் ஆப்ஷன்ஸ், பவர் பட்டன் என்ன செய்ய வேண்டும் என்ற பக்கம் வரை போய் டிக்கை எடுத்துவிடுங்கள். பெரிய விண்டோஸ் அப்டேட்டுக்குப் பிறகு அது திரும்ப வந்திருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது.

நான்காவது, பூட் முறை. ஸ்டார்ட் மெனுவில் சிஸ்டம் இன்ஃபர்மேஷன் திறந்து "பயாஸ் மோடு" என்ற வரியைப் பாருங்கள். யூஇஎஃப்ஐ (புதிய முறை) என்று இருக்கும், அல்லது லெகசி (பழைய முறை) என்று இருக்கும். எழுதி வையுங்கள். லினக்ஸையும் அதே முறையில்தான் பூட் செய்து நிறுவ வேண்டும். ஒன்று அப்படியும் மற்றொன்று இப்படியுமாக நிறுவினால் இரண்டும் டிஸ்கில் இருக்கும், ஆனால் ஒரே மெனுவில் இரண்டையும் பார்க்கவே முடியாது.

கடைசியாக இடம் ஒதுக்குவது. டிஸ்க் மேனேஜ்மென்ட் திறந்து சி டிரைவ் மேல் ரைட் கிளிக் செய்து "ஷ்ரிங்க் வால்யூம்" கொடுத்து 60000 என்று எம்பி கணக்கில் தந்தால் சுமார் 60 ஜிபி காலி இடம் கிடைக்கும். அதில் புதிய டிரைவ் எதையும் உருவாக்காமல் கறுப்புப் பட்டையாக அப்படியே விடுங்கள். நம்மூர்க் கடைகளில் பெரும்பாலும் சி, டி, ஈ என்று வெட்டிக் கொடுத்திருப்பார்கள். ஈ டிரைவில் இருப்பதை வேறெங்காவது மாற்றிவிட்டு அதை நீக்குவது இன்னும் சுலபம். எம்பிஆர் என்ற பழைய முறையில் வெட்டிய டிஸ்க்குகளில் நான்கு பிரைமரி பார்ட்டிஷனுக்கு (பகுதிக்கு) மேல் முடியாது. ஏற்கெனவே நான்கு இருந்தால் காலி இடத்தை இன்ஸ்டாலர் "அன்யூஸபிள்" என்று காட்டும், ஏதாவது ஒன்றை நீக்கித்தான் ஆக வேண்டும். இதற்கிடையில் டிஸ்க்கை டைனமிக் ஆக மாற்றவா என்று விண்டோஸ் கேட்டால் எந்தக் காரணத்துக்காகவும் சரி என்று சொல்லாதீர்கள்.

படி 7: பயாஸ்

பூட் மெனுவுக்கான விசை டெல், லெனோவோவில் எஃப்12, எச்பி-யில் எஃப்9, ஆசஸ் லேப்டாப்பில் எஸ்கேப். ஏசரில் எஃப்12 வேலை செய்யும், ஆனால் முதலில் எஃப்2 அழுத்தி உள்ளே போய் எஃப்12 பூட் மெனுவை எனேபிள் செய்ய வேண்டியிருக்கலாம். சில லெனோவோ மாடல்களில் பக்கவாட்டில் ஊசித் துளை மாதிரி நோவோ பட்டன் ஒன்று இருக்கும். மெஷின் அணைந்திருக்கும்போது அதைக் குத்தினால் மெனு வந்துவிடும்.

மெனுவில் உங்கள் பென் டிரைவ் இரண்டு தடவை தெரிந்தால் குழம்ப வேண்டாம். பெயருக்கு முன் யூஇஎஃப்ஐ என்று இருப்பது ஒரு முறை, வெறும் பெயராக இருப்பது லெகசி. முந்தைய படியில் எழுதி வைத்தது எதுவோ அதைத் தேர்ந்தெடுங்கள்.

செக்யூர் பூட்டை மின்டுக்காக அணைக்க வேண்டியதில்லை. பழைய ஐஎஸ்ஓ வைத்திருப்பவர்களுக்கு ஒரு சிக்கல் உண்டு: 2024 ஆகஸ்டில் வந்த விண்டோஸ் அப்டேட்டுக்குப் பிறகு பல டூயல் பூட் மெஷின்களில் ஷிம் எஸ்பேட் சரிபார்ப்பு தோற்றது என்று ஒரு செய்தி காட்டி மெஷின் அணைந்தது. நண்பர் பென் டிரைவில் வைத்திருக்கும் பழைய ஐஎஸ்ஓ-வை வாங்காமல் புதியதை இறக்கச் சொல்வது இதனால்தான்.

பதினோராம் தலைமுறை இன்டெல் முதல் வந்த லேப்டாப் பலவற்றில் இன்னொன்று காத்திருக்கும். இன்ஸ்டாலர் டிஸ்கையே காட்டாது. டிஸ்க் பழுதில்லை, பயாஸில் ஸ்டோரேஜ் விஎம்டி அல்லது ஆர்எஸ்டி முறையில் இருக்கிறது. அதை ஏஎச்சிஐ-க்கு மாற்ற வேண்டும், ஆனால் நேரடியாக மாற்றினால் விண்டோஸ் பூட் ஆகாமல் நீலத் திரையில் நிற்கும். வரிசை இப்படி: விண்டோஸில் சிஸ்டம் கான்ஃபிகரேஷன் திறந்து, பூட் பக்கத்தில் சேஃப் பூட் டிக் செய்யுங்கள், ரீஸ்டார்ட் ஆகும்போதே பயாஸுக்குள் போய் மாற்றுங்கள், விண்டோஸ் சேஃப் மோடில் திறந்து புதிய டிரைவரைப் பிடித்துக்கொள்ளும், பிறகு டிக்கை எடுத்துவிட்டு ரீஸ்டார்ட். சேஃப் மோடில் நான்கு இலக்க பின் செல்லாமல் கணக்கின் முழுப் பாஸ்வேர்டைக் கேட்கக்கூடும். அதைத் தெரிந்துகொண்டு தொடங்குங்கள்.

படி 8: நிறுவாமல் ஓட்டிப் பார்ப்பது

பென் டிரைவிலிருந்து பூட் ஆனதும் மின்ட் டெஸ்க்டாப் வந்துவிடும். டிஸ்கில் இன்னும் எதுவும் எழுதப்படவில்லை. இன்ஸ்டால் ஐகானை உடனே அழுத்தாமல் கொஞ்ச நேரம் செலவழியுங்கள். வை-ஃபை தெரிகிறதா? யூடியூபில் சத்தம் வருகிறதா? பிரைட்னஸ் கீ, டச்பேட், கேமரா? மூடித் திறந்தால் விழித்துக்கொள்கிறதா? பிரிண்டரைச் செருகி ஒரு பக்கம் அடித்துப் பாருங்கள். இங்கே ஓடுவது நிறுவிய பிறகும் ஓடும்.

கறுப்புத் திரையாக நின்றால், என்விடியா கார்டு உள்ள மெஷின்களில் இது வழக்கம்தான், மறுபடி பூட் செய்து முதல் மெனுவில் காம்பாட்டிபிலிட்டி மோடைத் தேர்ந்தெடுங்கள்.

படி 9: இன்ஸ்டால்

மின்வாரியத்தின் மாதாந்திரப் பராமரிப்பு உங்கள் பகுதிக்கு என்றைக்கு என்று செய்தித்தாளில் பார்த்துவிட்டு நாளைக் குறியுங்கள். காலை 9 மணிக்குப் போகும் கரண்டுக்கு எட்டே முக்காலுக்குத் தொடங்கும் இன்ஸ்டால் ஆகாது. லேப்டாப் என்றால் சார்ஜ் முழுதாக வைத்து, சார்ஜரும் செருகியிருக்கட்டும். யூபிஎஸ் இல்லாத டெஸ்க்டாப்பில் பார்ட்டிஷன் அளவை மாற்றிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால் அந்த டிரைவில் இருந்தவை திரும்பாமலே போகலாம். இடத்தை முன்பே விண்டோஸிலிருந்து காலி செய்து வைக்கச் சொன்னதில் இந்தக் கணக்கும் உண்டு.

மொழியில் தமிழ் இருக்கிறது. ஆனாலும் முதல் முறை ஆங்கிலத்தைத் தேர்ந்தெடுங்கள் என்றே சொல்வேன்: பிழை ஏதும் வந்தால் அந்த ஆங்கில வரியை அப்படியே தேடினால்தான் விடை கிடைக்கும். பிறகு மாற்றிக்கொள்ளலாம். மல்டிமீடியா கோடெக் பெட்டியை டிக் செய்யுங்கள். செக்யூர் பூட் இயங்கும் மெஷினில் அங்கேயே ஒரு பாஸ்வேர்டு வைக்கச் சொல்லும். அது சும்மா கேட்பதல்ல. நிறுவி முடித்து ரீஸ்டார்ட் ஆனதும் நீல நிறத்தில் மாக் மேனேஜ்மென்ட் என்ற திரை சில விநாடி வரும். "என்ரோல் மாக்" தேர்ந்து அதே பாஸ்வேர்டைத் தர வேண்டும். தண்ணீர் குடிக்க எழுந்து போனால் திரை போய்விடும்; பிறகு என்விடியாவும் சில வை-ஃபை டிரைவர்களும் ஏன் ஓடவில்லை என்று தேடிக்கொண்டிருப்பீர்கள்.

அடுத்து முக்கியமான பக்கம். "டிஸ்க்கை அழி" என்ற தேர்வு உண்மையிலேயே முழு டிஸ்க்கையும் அழிக்கும், சி, டி, ஈ எல்லாம் சேர்த்து. டூயல் பூட்டுக்கு "சம்திங் எல்ஸ்" எடுங்கள். டிஸ்க்குகளைப் பெயரால் அல்ல, அளவால் அடையாளம் காணுங்கள். விண்டோஸ் 931 ஜிபி என்று காட்டிய அதே டிஸ்க்கை இங்கே 1000 ஜிபி என்றும், 238 என்றதை 256 என்றும் காட்டும். கணக்கிடும் முறைதான் வேறு. காலி இடத்தைத் தேர்ந்து கூட்டல் குறியை அழுத்தி, எக்ஸ்ட்4 வகை, மவுண்ட் பாயின்ட் இடத்தில் ஒற்றைச் சாய்கோடு. அவ்வளவுதான். ஸ்வாப்புக்கு (ரேம் நிரம்பும்போது டிஸ்கில் பயன்படும் இடம்) தனி பார்ட்டிஷன் இப்போது தேவையில்லை. விண்டோஸ் வைத்திருக்கும் 100 எம்பி அளவிலான இஎஃப்ஐ பார்ட்டிஷனை ஃபார்மட் செய்யாதீர்கள். இரண்டு சிஸ்டமும் அதையே பகிர்ந்துகொள்ளும்.

கீழே பூட்லோடர் (மெஷின் திறக்கும்போது எந்தச் சிஸ்டம் வேண்டும் என்று மெனு காட்டும் சிறு நிரல்) எந்த டிஸ்க்கில் என்று ஒரு பெட்டி இருக்கும். லெகசி மெஷினில் எண் ஒட்டாத முழு டிஸ்க்கின் பெயரைத் தர வேண்டும். இரண்டு டிஸ்க் உள்ள மெஷினில் தேவையில்லாததைக் கழற்றி வைத்துவிட்டு நிறுவுவது பாதுகாப்பு. யூஇஎஃப்ஐ முறையில் இந்த இன்ஸ்டாலர் நாம் சொன்ன டிஸ்க்கை விட்டுவிட்டு முதல் டிஸ்க்கிலேயே பூட்லோடரை எழுதிவிடுவது அறிந்த சிக்கல்.

படி 10: முதல் முறை திறக்கும்போது

மெனுவே வராமல் நேராக விண்டோஸ் திறந்தால் பதற வேண்டாம். சில மெஷின்கள், குறிப்பாகச் சில எச்பி மாடல்கள், விண்டோஸையே முதலில் பிடித்துக்கொள்ளும். பயாஸில் பூட் வரிசைக்குப் போனால் "உபுண்டு" என்று ஒரு பெயர் இருக்கும். மின்ட் நிறுவினாலும் அங்கே உபுண்டு என்றுதான் காட்டும். அதை மேலே ஏற்றுங்கள். அந்தப் பெயரே இல்லையென்றால் பென் டிரைவிலிருந்து மறுபடி பூட் செய்யுங்கள், மின்டின் லைவ் டெஸ்க்டாப்பில் பூட் ரிப்பேர் என்ற கருவி தயாராக இருக்கிறது.

கறுப்புத் திரை என்றால் மெனுவில் மின்ட் வரியின் மேல் நின்று இ விசையை அழுத்தி, "கொய்ட் ஸ்பிளாஷ்" என்று முடியும் வரியின் இறுதியில் ஓர் இடைவெளி விட்டு நோமோட்செட் (nomodeset, எல்லாம் சிறிய எழுத்து, சேர்த்து) என்று அடித்து எஃப்10. உள்ளே போனதும் டிரைவர் மேனேஜரில் பரிந்துரைக்கப்பட்ட என்விடியா டிரைவரை நிறுவினால் தீரும்.

இன்னொரு வேடிக்கை: லினக்ஸிலிருந்து விண்டோஸுக்கு வந்தால் காலை 10 மணிக்குக் கடிகாரம் விடிகாலை 4.30 காட்டும். லினக்ஸ் மதர்போர்டு கடிகாரத்தில் உலகப் பொது நேரத்தை எழுதுகிறது, விண்டோஸ் அதையே நம்மூர் நேரம் என்று எடுத்துக்கொள்கிறது. நடுவில் நம் ஐந்தரை மணி நேரம். தேதி தவறினால் வங்கித் தளங்கள் திறக்காமல் போவதும் உண்டு. லினக்ஸ் டெர்மினலில் (கட்டளை அடிக்கும் ஜன்னல்) timedatectl set-local-rtc 1 என்று அடித்தால் இரண்டும் ஒத்துப்போகும்.

படி 11: வை-ஃபை வரவில்லையா?

பிராட்காம் சிப் உள்ள பழைய லேப்டாப்களிலும், சில ரியல்டெக் சிப் உள்ள மலிவு மாடல்களிலும் இது நடக்கலாம். டிரைவர் இறக்க நெட் வேண்டும், நெட் வர டிரைவர் வேண்டும் என்ற நிலையில் பலர் கைவிடுவது இங்கேதான். விடை உங்கள் சட்டைப்பையில் இருக்கிறது. ஆண்ட்ராய்டு போனை டேட்டா கேபிளில் செருகி, ஹாட்ஸ்பாட் செட்டிங்கில் யூஎஸ்பி டெதரிங்கை ஆன் செய்யுங்கள். எந்த டிரைவரும் கேட்காமல் சில விநாடியில் நெட் வந்துவிடும். சார்ஜ் மட்டும் ஏற்றும் கேபிள் என்றால் வராது, வேறு கேபிள் மாற்றிப் பாருங்கள். பிறகு டிரைவர் மேனேஜரைத் திறந்தால் பிராட்காமுக்கு என்ன வேண்டும் என்று அதுவே சொல்லும். போனே கைவசம் இல்லாவிட்டாலும், நிறுவிய அதே பென் டிரைவைச் செருகினால் பிராட்காம் டிரைவரை அதிலிருந்தே எடுத்துக்கொள்ள மின்ட் வழி வைத்திருக்கிறது.

நெட் வந்த கையோடு அப்டேட் மேனேஜர் நூற்றுக்கணக்கான எம்பி கேட்கும். அன்றைய டேட்டாவை அதற்கென்று ஒதுக்குங்கள். அதற்கு முன் சாஃப்ட்வேர் சோர்சஸில் இந்தியாவில் உள்ள மிரர் (அதே மென்பொருள்களின் நகலை வைத்திருக்கும் சர்வர்) ஒன்றைத் தேர்ந்துகொண்டால் வேகம் தெரியும். டைம்ஷிஃப்டில் ஒரு ஸ்னாப்ஷாட்டும் எடுத்து வையுங்கள். அப்டேட் ஏதாவது கெடுத்தால் முந்தைய நிலைக்குத் திரும்ப அது கை கொடுக்கும். உங்கள் சொந்தக் கோப்புகளுக்கு அது பேக்கப் அல்ல.

படி 12: தமிழ்

தமிழ் படிப்பதில் சிக்கல் இல்லை. எழுதத்தான் ஒரு படி கூடுதல். கீபோர்டு பட்டியலில் நேரடியாகவே தமிழ்நெட்99 என்று ஒன்று இருக்கும். அதை எடுத்தவர்கள் புள்ளி தானாக வராமல், மெய்யும் உயிரும் சேராமல் அலுத்துக்கொள்வார்கள். அது விசைக்கு ஓர் எழுத்து என்ற எளிய அமைப்பு. சாஃப்ட்வேர் மேனேஜரில் ஐபஸ்-எம்17என் என்ற தொகுப்பை நிறுவி, இன்புட் மெத்தட் பக்கத்தில் ஐபஸைத் தேர்ந்து, வெளியேறி மறுபடி உள்நுழைந்து, ஐபஸ் விருப்பங்களில் தமிழைச் சேருங்கள். அங்கே தமிழ்99 ஒழுங்காக ஓடும். ஆங்கில ஒலிப்பில் அடிப்பவர்களுக்கு ஃபோனடிக், டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் கற்றவர்களுக்கு டைப்ரைட்டர் அமைப்பும் உண்டு.

பழைய வானவில், பாமினி கோப்புகள் ஆங்கில எழுத்துக் குவியலாகத் தெரிந்தால் கோப்பு கெட்டுவிட்டது என்று அர்த்தமில்லை. அந்த எழுத்துரு இல்லை, அவ்வளவுதான். முகப்பு அடைவில் கண்ட்ரோல், எச் அழுத்தினால் மறைந்திருக்கும் அடைவுகள் தெரியும்; அங்கே டாட் ஃபான்ட்ஸ் (.fonts) என்ற அடைவை உருவாக்கி எழுத்துருக் கோப்பைப் போட்டால் படிக்கலாம். திருத்தி எழுத வேண்டியவற்றை யூனிகோடுக்கு மாற்றிக்கொள்வதே நல்லது.

யாரிடமாவது கேட்க வேண்டி வந்தால்

"வை-ஃபை வேலை செய்யல, என்ன பண்றது?" என்று மட்டும் கேட்டால் பக்கத்து வீட்டு இன்ஜினியரிங் தம்பியும் கையை விரிப்பார். மின்டில் சிஸ்டம் இன்ஃபர்மேஷன் திறந்து காப்பி பட்டனை அழுத்தினால் பிராசசர், ரேம், கிராஃபிக்ஸ், வை-ஃபை சிப் வரை ஒரே உரையாகக் கிடைக்கும். அதோடு லேப்டாப்பின் அடியில் ஒட்டியிருக்கும் முழு மாடல் எண், திரையில் வந்த பிழைச் செய்தியின் போட்டோ, கடைசியாக எதை மாற்றினீர்கள் என்ற ஒரு வரி. இந்த நான்கும் இருந்தால் போனிலேயே பாதிக்கு மேல் தீர்ந்துவிடும். பூட்டே ஆகாத நிலை என்றால் பென் டிரைவிலிருந்து லைவ் டெஸ்க்டாப் திறந்து அங்கிருந்தே இந்த விவரங்களை எடுக்கலாம். அதனால் அந்தப் பென் டிரைவை உடனே ஃபார்மட் செய்து பாட்டு ஏற்றிவிடாதீர்கள்.